தென்ஹா நிரப்பாமல் விட்ட இடம்

கீரை வாங்கும் முன் ஓர் இலையைக் கிள்ளி, விரலால் நசுக்கி முகர்ந்து பார்ப்பார் தென்ஹா. பாக்தாதின் கர்க் சந்தையில் நான் அவரை அறிந்த காலமெல்லாம் இப்படித்தான். கீரைக்காரர்களுக்கு அது வேடிக்கை.

"பெரியவரே, மோந்தே வயிறு ரொம்பிடுச்சா?"

அவர் சிரிக்க மாட்டார். விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டுக்குப் போவார்.

அவர் தேடியது ஒரு செடியை. கிரேக்க மருந்து நூல் ஒன்றை அரபியில் எழுதிக்கொண்டிருந்தார். அரபிப் பெயர் தெரியாத செடி வந்தால், கிரேக்கப் பெயரையே அரபி எழுத்தில் எழுதிப் பக்கத்தில் ஒரு விரல் அகலம் வெறுமையாக விடுவது எங்கள் தொழில் வழக்கம். பின்னால் தெரிந்தவர் நிரப்பட்டும் என்றுதான். மற்ற இடங்கள் மெல்ல நிரம்பின. ஒன்று மட்டும் நின்றுபோனது. பாறை இடுக்கில் முளைக்கும், ஒடித்தால் பால் வரும், ஊதாப் பூ, வேர் மூச்சிரைப்புக்கு நல்லது என்றது நூல்.

அவர் எழுதியதைப் புத்தகக் கடையில் படியெடுப்பது என் வேலை. நான் செங்கல் அறுப்பவர் மகன். எங்கள் வீட்டில் எழுதுகோல் பிடித்த முதல் ஆள். ஒரு பெயருக்காக ஒருவர் வாழ்நாளைக் கொடுப்பது அறிவா, பிடிவாதமா என்று அடிக்கடி யோசிப்பேன். இன்றும் தெரியவில்லை.

கடைக்கார முசாஃபிருக்குச் சந்தேகமே இல்லை, பிடிவாதம்தான். "ஏதாவது ஒரு பேரைப் போட்டு முடியுமய்யா! எந்தக் கிரேக்கன் எந்திரிச்சு வந்து கேக்கப்போறான்?"

"மூச்சு முட்டுறவன் கேப்பான்" என்பார் தென்ஹா.

கால்வாயோரம் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். சாப்பிடும்போது ரொட்டியைப் பிய்த்து ஒரு பாதியை எதிர்ப்பக்கம் வைப்பார். பிறகு அதையும் அவரே தின்பார்.

ஒரு வசந்த காலத்தில் தெக்லாவைப் பற்றிக் கேள்விப்பட்டார். கிரேக்கர்கள் வாழும் ரூம் நாட்டு மலையூரில் பிறந்து, போரில் சிறைபிடிக்கப்பட்டு வந்தவள், தாய்மொழி கிரேக்கம். இப்போது கால்வாயில் துணி வெளுக்கிறாள். நூலைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

தென்ஹா கிரேக்கத்தில் பேச ஆரம்பித்ததும் அவள் ஈரத்துணியை நழுவவிட்டாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"தம்பி, இவரை எங்கேருந்து புடிச்சே?" என்று என்னிடம் அரபியில் கேட்டாள். "எங்க ஊரு கல்லறையிலேருந்து முப்பாட்டன் எந்திரிச்சுப் பேசுற மாதிரி இருக்கு!"

தென்ஹாவின் காது சிவந்தது. அவருக்கு அந்த மொழி ஏட்டில் வந்தது. அதை அவர் ஒரு மனிதரோடு பேசி அன்றுதான் கேட்டேன்.

பிறகு பேச்சு அரபிக்கு மாறியது. செடியை அவளுக்குத் தெரிந்திருந்தது. பாறை இடுக்கைக் கையால் காட்டினாள். பால் வருமாம். "மூச்சிரைப்புக்கு எங்கம்மா வேரை இடிச்சுக் குடுப்பா" என்றாள். மருந்துக்கடைக்காரர்கள் அதை விற்கும் அரபிப் பெயரையும் சொன்னாள். தென்ஹா நூலை மடியில் விரித்தார். எழுதுகோலை மையில் தோய்த்தார்.

"பூ?"

"மஞ்சள்."

திரும்பவும் கேட்டார்.

"மஞ்சள்னா மஞ்சள்தான், முப்பாட்டா! தலையில வச்சவளுக்குத் தெரியாதா?"

எழுதுகோலில் மை காய்ந்தது. நூலை மூடினார்.

"பூ நிறம்தானே" என்றேன்.

"அது வேற செடி."

நாங்கள் எழுந்தபோது தெக்லா கையைத் துடைத்தபடி கூடவே வந்தாள். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு இங்கதான் இருப்பேன். வாங்களேன். செடியை விடுங்க, சும்மா பேசலாம். எம் பேச்சு எம் புள்ளைங்களுக்கே வராது."

"வர்றேன்" என்றார்.

ஞாயிறு வந்தது. நினைவுபடுத்தினேன்.

"அதான் அந்தச் செடி இல்லையே."

"பேசத்தானே கூப்பிட்டாங்க."

அவர் கீரைக்கட்டை எடுத்து ஓர் இலையைக் கிள்ளினார். அடுத்த ஞாயிறும் போகவில்லை. அதற்கப்புறம் நானும் சொல்லவில்லை.

போன குளிர்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அந்த நூலை இப்போது நான் படியெடுக்கிறேன். ஒரு விரல் அகலம் விட்டுத்தான் எழுதுகிறேன். அதுவாவது என்னால் முடிகிறது.

போன வாரம் கால்வாய்ப் பக்கம் போனபோது தெக்லா கூப்பிட்டாள். "முப்பாட்டன் வரேன்னாரே, எங்க?"

சொன்னேன். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள். பிறகு தன் மொழியில் ஏதோ சொன்னாள், நிறையவே. சொல்லி முடித்து என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்குக் கிரேக்கம் தெரியாது.