அந்த எருமை நான்தான்

புனேயில் யாருக்கும் தமிழ் புரியாது என்ற தைரியத்தில் நான் நிறைய வாயை விட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு மதியம், புனேயின் ஔந்த் பகுதியில் உள்ள என் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் ராட்சத ரோபோ சண்டை கேம் ஆடிக்கொண்டிருந்தேன். என் அணியில் இருந்த முகம் தெரியாத பெண்ணோடு மைக்கில் இந்தியில்தான் பேச்சு. திடீரென்று அவளுடைய ரோபோ பறந்து வந்து என் ரோபோவை இடித்துத் தள்ளியது.

"எருமை, கண்ணு தெரியல?" என்று தமிழில் முணுமுணுத்தேன்.

பதிலும் தமிழில் தட்டுத்தடுமாறி வந்தது. "அண்ணா, அந்த எருமை நான்தான். உங்க பின்னாடி மிசைல் வந்துச்சு. அதான் தள்ளிவிட்டேன்."

திரையைப் பார்த்தேன். நான் நின்ற இடம் எரிந்துகொண்டிருந்தது.

"மன்னிச்சிடும்மா."

"பரவால்லண்ணா. நாங்களும் புனேதான். விஷ்ராந்த்வாடி வீட்டுல எங்கம்மாவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க."

இப்போது ஞாயிறுதோறும் சேர்ந்து ஆடுகிறோம். அன்று புரியாது என்று திட்டினேன். இன்று புரியும் என்பதற்காகவே திட்டுகிறேன்.