சலூன்காரர் மகளின் பதில்

ராணுவ அகாடமியில் அந்த ஆண்டு உளவுப் பிரிவுக்கு இருந்தது ஒரே ஓர் இடம். அதற்காக முட்டி தேய ஓடி, கண் எரியப் படித்தாள் சலூன்காரர் மகள். கடைசி நேர்காணலில் மேஜர் கேட்டார்.

"உங்க வீட்டுல யாரை நம்பி ரகசியம் சொல்ல முடியாது?"

அவள் யோசிக்கவே இல்லை. "எங்கப்பாவை, சார். அவருக்கு ஓட்டை வாய்."

பொய்யில்லை. அவள் கணக்கில் கோட்டை விட்டது, அவள் தலையில் பேன் பிடித்தது, எல்லாம் கத்தரிக்கோல் சத்தத்தோடு தெருவுக்கே போய்ச் சேர்ந்த சங்கதிகள். அகாடமியில் ஏதோ பெரிய வேலைக்குப் போட்டி போடுகிறாள் என்பதையும் வந்த தலைக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார் மனிதர்.

இடம் அவளுக்கே கிடைத்தது. வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது என்று உத்தரவு. போனில் அப்பாவிடம் சொன்னாள்.

"அந்த வேலை கிடைக்கலப்பா. கிடங்குல பூட்ஸ் கணக்கு பாக்கப் போட்டிருக்காங்க."

"போகுது விடும்மா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றார். அவள் அதை நம்பவில்லை.

விடுமுறையில் கடைக்குள் நுழைந்ததும், நாற்காலியில் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தவர் கேட்டார். "என்னம்மா, அந்தப் பெரிய வேலை கிடைச்சுதா? உங்கப்பாவைக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறாரு."

கத்தியும் கையுமாக நின்ற அப்பா கண்ணாடி வழியே அவளைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று மெல்லத் தலையசைத்தார்.