இந்தத் தடவை கணக்கு மட்டும்

அமெரிக்கக் கல்லூரியில் சேர எழுதுகிற எஸ்.ஏ.டி. பரீட்சைக்குச் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம். பரீட்சையே எழுதாத பெற்றோரைத்தான் சமாளிக்க முடியாது. தொண்ணூறுகளின் நடுவில், எடிசன் என்கிற ஊரில் என் வீட்டு பேஸ்மென்டில் சனி ஞாயிறுகளில் நான் பட்ட பாடு, இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்குப் புரியும்.

தூங்கப் போன பெண்

சிவகுமார் கோயம்புத்தூர்க்காரர், பார்சிப்பனியில் சாஃப்ட்வேர் வேலை. அவர் மகள் நித்யா முதல் முறை எழுதியதில் ஆங்கிலம் பிரமாதம், கணக்கு சறுக்கல். இன்னொரு முறை எழுதினால், சில கல்லூரிகள் ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு முறையில் எது அதிகமோ அதை மட்டும் எடுத்துக் கூட்டிக்கொள்ளும் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். சில கல்லூரிகள் ஒரே நாளில் வாங்கிய மொத்தத்தைத்தான் பார்க்கும், போன் பண்ணிக் கேளுங்கள் என்றும் சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. போன் பண்ணுகிற வேலையை மகள் தலையில் கட்டிவிட்டார்.

வீட்டிலிருந்தே போய்வருகிற தூரத்தில் ஒரு கல்லூரியை அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். நித்யாவுக்குக் கலிபோர்னியா மேல் கண். இரண்டுக்கும் அப்ளை பண்ணலாம், ஆனால் பக்கத்துக் கல்லூரி கிடைத்துவிட்டால் கலிபோர்னியா பேச்சையே எடுக்கக் கூடாது என்று உத்தரவு. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவரோ உற்சாகமாகத் திட்டம் போட்டார்.

"இங்கிலீஷ் மார்க்குதான் கையில இருக்குதுங்களே சார், இந்த வாட்டி அதுல தூங்கிட்டு வரட்டுங்க. கணக்க மட்டும் போட்டாப் போதும்."

பியானோ கிளாஸ்

அவர் மனைவி கமலாவுக்கு வேறு கவலை. நம் ஊரில் இரண்டாம் முறை எழுதினால் அதற்குப் பெயர் அரியர். அதனால் அந்தச் சனிக்கிழமை மகளுக்குப் பியானோ கிளாஸ் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

நித்யா என் வீட்டில் மறந்துவிட்டுப்போன கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு பரீட்சை நடக்கும் பள்ளிக்குப் போனேன். பார்க்கிங் லாட்டில் காருக்கு ஒரு தமிழ் அம்மா, தலையைக் குனிந்து ஒளிந்துகொண்டிருந்தார். போன வாரம் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்த பாட்லக் விருந்தில் சந்தித்த அதே முகங்கள். கமலா கண்ணாடியை இறக்கினார்.

"பாத்தீங்களா சார், அத்தனை பேருக்கும் இன்னைக்கேதான் பியானோ கிளாஸுங்க."

கூட்டல்

நித்யா சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். ஆங்கிலப் பகுதியில் நிஜமாகவே தூங்கியிருக்கிறாள். கணக்கு எகிறியது, ஆங்கிலம் பாதாளத்துக்குப் போனது. ஒரே நாள் மொத்தத்தைப் பார்க்கும் பக்கத்துக் கல்லூரி, எந்த நாளைப் பார்த்தாலும் ஒரு பக்கம் நொண்டுகிறதே என்று கைவிரித்துவிட்டது. நல்லதை நல்லதோடு கூட்டுகிற கலிபோர்னியாக் கல்லூரி வா என்றது.

சிவகுமார் என் பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்திருந்தார். கல்லூரிகளுக்கு போன் பண்ணினாயா இல்லையா என்று நித்யாவைத் தனியாகக் கேட்டேன். இரண்டாம் பரீட்சைக்கு முன்பே இரண்டு கல்லூரிக்கும் பண்ணிவிட்டாளாம். நான் கேட்டது தமிழில், பதில் வழக்கம்போல இங்கிலீஷில்.

"அப்பா ஆஸ்க்டு மீ டு கால், அங்கிள். ஹி நெவர் ஆஸ்க்டு வாட் தே செட்."

கணக்கில் வீக் என்று சொல்லி என்னிடம் கொண்டுவந்து விட்ட பெண் இவள்தான்.