நாலாம் ஷெட்டுக்குள் வந்த இலைப்பேன்

ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் சாலையில், செண்டுமல்லி வயல்களுக்கு நடுவே அந்த ரோஜாக் கம்பெனியின் பிளாஸ்டிக் ஷெட்டுகள் ஏழு வரிசையாக நின்றன. பூவெல்லாம் ஹாலந்துக்கு விமானத்தில் போகும். கங்கப்பனுக்கு அங்கே பூச்சி பார்க்கிற வேலை.

கூலிக்குப் போகும் குடும்பத்தில் முதல் பட்டம் அவனுடையது. கிருஷ்ணகிரி கல்லூரியில் தாவரவியல். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் நாராயணப்பன் அவனுடைய அசல் சான்றிதழ்களை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். மூன்று வருஷம் கழித்துத்தான் கைக்கு வரும். ஷெட்டுகள் நின்ற நிலமே நாராயணப்பன் குடும்பத்துடையது. அங்கே ராகி விளைந்த காலத்தில் கங்கப்பனின் அம்மா கெம்பம்மா கதிர் அறுத்தாள். இப்போது அதே மண்ணில், நாலாம் ஷெட்டில், ரோஜா வெட்டினாள். படித்துவிட்டு எங்கே வந்து சேர்ந்திருக்கிறோம் என்று கங்கப்பன் அடிக்கடி யோசிப்பான். அம்மா நின்ற இடத்திற்கே வந்திருக்கிறோம், கையில் ஒரு கேமராவோடு. அவ்வளவுதான்.

கேமரா கம்பெனியுடையது. லென்ஸைத் திருப்பி மாட்டி, முகத்தைப் பூவோடு ஒட்டிவைத்து, மூச்சை அடக்கிப் படம் எடுக்க வேண்டும். மூச்சுக்காற்று பட்டாலே இதழ் ஆடிப் படம் கலங்கிவிடும். ரோஜாவின் மடிப்புக்குள் எள்ளில் பாதிகூட இல்லாத ஒரு பூச்சி, படத்தில் விரல் நீளத்துக்கு வந்து நிற்கும். கால் எத்தனை, இறக்கை எப்படி என்று பார்த்து அவன் பெயர் எழுதுவான்.

"ஏம்பா பூச்சி சாரு," என்பாள் கூட வேலை பார்க்கும் பவளம். "ரெண்டு வருசமா உங்கூடத்தான் வேலை செய்றோம். ஒரு நாளாவது எங்களப் போட்டோ புடிச்சியா? இலைப்பேனாப் பொறந்திருந்தா புடிச்சிருப்ப."

"உங்களுக்குப் பேரு தெரியுமே அக்கா. தெரியாததத்தான் புடிக்கணும்."

"அடேங்கப்பா, பேச்சப் பாரு. கெம்பக்கா, உம் மவன் படிச்சது வீண் போவல."

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆடியில் ஹாலந்திலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. நாலாம் ஷெட்டின் பூக்களில் சாறு உறிஞ்சும் இலைப்பேன் இருந்ததால் பெட்டிகளையெல்லாம் அங்கேயே எரித்துவிட்டார்களாம். நாராயணப்பன் கங்கப்பனைக் கூப்பிட்டார்.

"மத்த ஷெட்டுல இல்ல. நாலுல மட்டும் எப்படி வருது? திங்கக்கெழமைக்குள்ள போட்டோவோட காட்டு. காட்டினா உன்ன பர்மனென்ட் பண்றேன். இல்லன்னா பி.எஸ்.சி. படிச்சவன் ஊருல நெறைய பேரு இருக்கான்."

பூச்சி வராமல் ஷெட்டைச் சுற்றிக் கட்டியிருந்த வலையைக் கங்கப்பன் சாணுக்குச் சாண் தடவிப் பார்த்தான். கிழிசல் இல்லை. தண்ணீரைப் பார்த்தான், நாற்றைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை காலை அவன் ஷெட் வாசலில் நிற்க, பெண்கள் செண்டுமல்லி வரப்பு வழியாக வந்தார்கள். நாலாம் ஷெட்டில் பதினொரு பேர். பதினொரு பேரும் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, ஆடி முழுக்க மஞ்சளில் நனைத்த சேலைதான் கட்டுவார்கள். மற்ற ஷெட்டுகளில் யாருக்கும் அந்த வேண்டுதல் இல்லை. கெம்பம்மா செருப்பைக் கழற்றக் குனிந்தாள். சேலையின் கீழ்க்கரையில் தூசி மாதிரி ஏதோ நகர்ந்தது.

"அம்மா, அப்படியே நில்லு."

"எதுக்குடா?"

"ஆடாத."

அவன் மண்டியிட்டு, கரையோடு கேமராவை ஒட்டிவைத்து ஒரு ரோலையே முடித்தான். பவளம் கைதட்டிச் சிரித்தாள். "கெம்பக்கா, பேன்ல சேத்துட்டான் உன்ன."

ஓசூரில் கழுவி வந்த படங்களை மறுநாள் அவன் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தான். நூல்கள் கயிறு மாதிரித் தடித்திருந்தன. இடையிடையே இலைப்பேன்கள். இறக்கை ஓரத்து மயிர்கூடச் சீப்புப் பல் போல எண்ணும்படி விழுந்திருந்தது. அதுவரை இவ்வளவு துல்லியமாக அவன் எடுத்ததே இல்லை. அந்தப் பூச்சிக்கு மஞ்சள் என்றால் உயிர். பிடிப்பதற்காக ஷெட்டுக்குள் அவன் தொங்கவிட்ட பசை அட்டைகளும் மஞ்சள்தான். வயலிலிருந்து சேலையில் ஏறி, வாசலின் இரண்டு கதவையும் தாண்டி உள்ளே வந்திருக்கிறது. கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தான். படத்தில் இருப்பது யார் சேலை என்பது அதன் பிறகுதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் கேட்டான். "ஆடி முடியற வரைக்கும் வேற சேல கட்டிக்கக் கூடாதாம்மா?"

"எதுக்கு வேண்டிக்கிட்டேன்னு தெரியுமா உனக்கு?"

"எதுக்கு?"

"உன் வேல நெலைக்கணும்னு. பாதியில அவுத்தா மாரியம்மா சும்மா விடுவாளா?"

ஞாயிறு முழுக்க யோசித்தான். படத்தைக் கிழித்துவிடலாம். கிழித்தால் வேலை போகும், சான்றிதழ் மட்டும் இழுப்பறைக்குள்ளேயே கிடக்கும். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தான்.

நாராயணப்பன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "யாரு சேல இது?"

கங்கப்பன் அடுத்த படத்தை எடுத்து நீட்டினான்.

"யாருதா இருந்தா என்ன. மஞ்சள் கட்டுனவங்க நாளையிலேர்ந்து உள்ள வர வேணாம். நம்ம செண்டுமல்லியில களையெடுக்கட்டும். நீயே கதவாண்ட நின்னு பாத்துக்க."

களையெடுப்புக்குக் கூலி பாதிதான். வெயிலும் மழையும் தலையில்தான் இறங்கும்.

மறுநாள் பதினொரு பேரும் வாசலுக்கு வந்தார்கள். கங்கப்பன் விஷயத்தைச் சொன்னான். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். கெம்பம்மா கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். பவளம்தான் கேட்டாள்.

"ஏம்பா, பேக்கிங் ரூம்ல பச்சக் கோட்டு தொங்குதே. அதச் சேலமேல மாட்டிக்கிட்டு வந்தா உம் பூச்சிக்கு மஞ்சள் தெரியுமா?"

நாலு நாளாகக் கங்கப்பன் நூலையும் இறக்கையையும் பார்த்தான், பயந்தான், அம்மாவைக் காப்பதா வேலையைக் காப்பதா என்று உழன்றான். ஒரு கோட்டு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பட்டம் வாங்கிய மூளைக்குள் இவ்வளவுதானா இருந்தது? ஆபீசுக்கு ஓடினான்.

நாராயணப்பன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நல்ல யோசனதான். ஆனா மதகொண்டப்பள்ளியில புதுசா ஆள் சொல்லியாச்சு, நாளைக்கு வர்றாங்க. வயலுக்கும் ஆள் கெடைக்காம இருந்துச்சு. இப்படியே இருக்கட்டும் விடு." பிறகு ஒரு தாளை நகர்த்தினார். "உன் பர்மனென்ட் ஆர்டர். கையெழுத்துப் போடு."

"சார், எங்கம்மாவும் அதுல..."

"தெரியும்ப்பா. உங்கம்மாவ எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும். போடு."

கங்கப்பன் பூட்டியிருந்த இழுப்பறையைப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான்.

கெம்பம்மா அந்தத் தாளைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் குங்குமம் வைத்து எடுத்துவந்தாள். "நெலைச்சிருச்சில்ல," என்று மட்டும் சொன்னாள். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு விடிந்ததும் வயலுக்குப் போனாள்.

புதிதாக வந்த பெண்களுக்குக் கம்பெனியில் ஆளுக்கொரு பச்சைக் கோட்டு கொடுத்தார்கள். முதலில் வந்தவளுக்குக் கோட்டு குட்டை. கீழே இரண்டு விரல்கடை மஞ்சள் சேலை தெரிந்தது. அவளும் வேண்டுதலில் இருந்தாள்.

"இழுத்து விட்டுக்குங்க அக்கா," என்றான் கங்கப்பன். அவள் இழுத்துவிட்டதும் கதவைத் திறந்துவிட்டான்.