மன்னர் வருமுன் கிளம்பினோம்

நான் ஒருவரைக் கள்ளனாக்கினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. பாடசாலையை விட்டுப் போகும்வரை அவர் அந்தப் பெயரைச் சுமந்தார்.

அண்ணை பாடசாலை பாண்டு வாத்தியக் குழுவில் பியூகிள் என்ற எக்காளம் ஊதுபவர். விளையாட்டுப் போட்டியில் கொடியேற்றும்போது அவர்தான் ஊத வேண்டும். என்னை மேளம் தூக்கக்கூடச் சேர்க்கவில்லை என்ற ஆத்திரத்தில், முதல்நாள் மாலை, பியூகிளில் வாய் வைத்து ஊதும் பித்தளைத் துண்டைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். தொலைந்தது கிடைக்க அந்தோனியாரை மன்றாடுவது எங்கள் வழக்கம். அம்மா எல்லோரையும் முழங்காலில் இருத்தினார். எல்லோரையும்விட உரத்து மன்றாடியவன் நான்தான். துண்டு தொடையில் குத்திக்கொண்டிருந்தது. பிறகு பயம் பிடித்து அதைக் கிணற்றில் போட்டேன். அந்தோனியார்தான் என்ன செய்வார்?

மறுநாள் அண்ணையின் கூட்டாளி தன் பியூகிளை ஊதினார். தன் இடத்தைப் பிடிக்க அவர்தான் துண்டை எடுத்தார் என்று அண்ணை நடு மைதானத்தில் அவரை அடித்தார். அன்றைய போட்டிகளில் நான் ரசித்துப் பார்த்தது அதைத்தான்.

சென்ற வைகாசியில், எழுபத்து நான்கு வயதில், விமானமேறி கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் அண்ணையிடம் போனேன். அந்தக் கூட்டாளி அதே நகரின் மறுகோடியில், பிளேஸ்டோவில் இருப்பதாக அண்ணி சொன்னார். மாதா திருவிழாவுக்கு இருவரும் ஒரே கோயிலுக்கு வருவார்களாம், முகம் பார்ப்பதில்லையாம். உண்மையைச் சொல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவெடுத்தேன். ஆனாலும் மூன்று கிழமை வாய் திறக்கவில்லை.

பிரித்தானிய மன்னரின் பிறந்தநாள் அணிவகுப்புக்கு அண்ணை என்னைக் கூட்டிப்போனார். தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி இரண்டு மணி நேரம் நின்றோம். கரடித்தோல் தொப்பியணிந்த சிப்பாய்கள் வாத்தியம் முழங்கக் கடந்து போனார்கள்.

"அந்தக் கள்ளன் எடுக்காட்டி நானும் இப்பிடி ஒரு தொப்பியோட போயிருப்பன்," என்று அண்ணை சிரித்தார்.

"அவர் எடுக்கேல்லை அண்ணை. நான்தான் எடுத்தனான்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"கிணத்துக்கை போட்டனான்."

மன்னரின் வண்டி வருகிறதென்று சனம் ஆரவாரித்தது. அண்ணை அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"நட."

"எங்கை?"

"பிளேஸ்டோவுக்கு. அவன்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு."

"மன்னர் வாறார் அண்ணை..."

"அவர் வருஷா வருஷம் வருவார். நட!"

பொல்லை ஊன்றிக்கொண்டு சனத்தை இடித்து வெளியேறினார். பச்சைக் கோட்டுப் பாதையில் ஓடும் நிலக்கீழ் ரயிலில் ஏறினோம். வழியில் ஒருமுறைதான் வாய் திறந்தார்: "அரிவரி வகுப்பிலயிருந்து ஒரே வாங்கில இருந்தனாங்கள்." அன்று மைதானத்தில், அடித்த அண்ணையும் அழுதது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பியூகிள் ஊத முடியாததற்காக அழுகிறார் என்றுதான் ஒன்பது வயதில் நினைத்தேன்.

கூட்டாளியே கதவைத் திறந்தார். வாசலில் நின்றபடி முழுவதையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு நெடுநேரம் அண்ணையைப் பார்த்தார்.

"நீ உள்ளுக்கு வா," என்றார் அண்ணையிடம். என்னிடம், "நீர் உதிலை நில்லும்."

கதவு சாத்தப்பட்டது. தூறல் தொடங்கியது. அசைவதில்லை என்று நின்றேன். அரை மணி நேரம் கழிந்திருக்கும். உள்ளே கூட்டாளியின் குரல் கேட்டது.

"உன்ரை தம்பிக்குச் சீனி போடுறதோ?"

தேத்தண்ணி வந்தது, வாசலுக்கு. நின்றபடியே குடித்தேன்.