ஹெட்போனில் பாடமாக்கிய கீழ்க்குரல்

ஹெட்போனைப் போட்டால் எனக்கு வீடு கேட்காது. குக்கர் விசில், கதவு மணி, குளியலறையில் மனைவி வழுக்கி விழுந்தால் வரக்கூடிய சத்தம், ஒன்றும் கேட்காது. அதனால் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து தூக்கிப் பார்ப்பேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். மறுபடி போட்டுக்கொள்வேன்.

இந்த வயதில் அதைப் போட வைத்தது, கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் பாடுகிற தேவாலயப் பாடகர் குழு. இருபது வருடமாக எல்லோரும் ஒரே மெட்டில்தான் பாடினோம். புதிதாகப் பொறுப்பெடுத்த மிஸ், வங்கியில் வேலை செய்கிற சின்னப் பிள்ளை, திருவிழாப் பூசைக்கு ஒரு பாட்டை இரண்டு குரலாகப் பிரித்தார். மெட்டு பெண்களுக்கு. அதற்குக் கீழே ஓடுகிற வேறொரு மெட்டு ஆண்களுக்கு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இசைக் குறிப்பு வாசிக்கத் தெரியாது, கேட்டுத்தான் பாடமாக்க வேண்டும். ஆண்களின் குரலை முன்னால் வைத்து, பெண்களின் மெட்டைப் பின்னால் மெல்லிதாக வைத்து மிஸ் பதிவு செய்து போனுக்கு அனுப்பினார்.

வீட்டிலுள்ள சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். பெண்கள் மட்டும் கணீரென்று வந்தார்கள். எங்கள் குரல் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டர் மாதிரி எங்கோ உறுமியது. ஹெட்போனில் அப்படியில்லை. மூச்செடுக்கிற இடம்கூடக் காதுக்குள் வந்து உட்கார்ந்தது. ஐந்து நாளில் முழுவதும் பாடமாகிவிட்டது.

சனிக்கிழமைப் பயிற்சியில் பெண்கள் வாய் திறந்ததுதான் தாமதம், என் மெட்டு போன இடம் தெரியவில்லை. நானும் அவர்களோடு மேலே ஏறிவிட்டேன். பக்கத்தில் நின்று பாடுகிறவர், துறைமுகத்தில் வேலை செய்கிற ஆள், விடுவாரா?

"அய்யே, அங்கால கதிரை இருக்கு. போய்ப் பொம்பிளையளோட இருங்களன்."

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. ஆட்கள் போகும்வரை காத்திருந்து சொன்னார்: "அங்கிள், அடுத்த சனியும் பாப்பம். சரிவரேல்லையெண்டா இந்தப் பாட்டுக்கு மட்டும் நீங்க இருங்க. குறை நினைக்காதீங்க."

சொல்லிவிட்டு என்னைவிட அவர்தான் கலங்கிப் போயிருந்தார். இருப்பதென்றால், மற்றவர்கள் எழுந்து பாட நான் மட்டும் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பது. கோயில் முழுக்கப் பார்க்கும். நெஞ்சில் ஏதோ வருத்தமாம், டொக்டர் பாட வேண்டாம் என்றாராம் என்று யாராவது கதை கட்டுவார்கள். பிறகு எனக்கே நெஞ்சு நோகத் தொடங்கும்.

திங்கட்கிழமை மறுபடி ஹெட்போனோடு இருந்தேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த மனைவி அதைக் கழற்றச் சொன்னாள்.

"நீங்க இஞ்ச காதைப் பொத்திக்கொண்டு பாடமாக்கிறீங்க. அங்க போய் என்ன, பொம்பிளையளின்ர வாயைப் பொத்தப் போறீங்களா?"

"ஸ்பீக்கர்ல எங்கட குரல் கேக்காதப்பா."

"கேக்கத் தேவையில்ல. அதுதான் உங்களுக்குப் பாடமாச்சே. அவையளைப் பாடவிட்டு நீங்க பாடுங்க."

ஸ்பீக்கரை ஃபிரிட்ஜுக்கு மேல் வைத்தாள். போதாததற்குத் தானும் பெண்களின் மெட்டைச் சேர்ந்து பாடினாள். இரண்டாவது சொல்லிலேயே நான் விழுந்தேன். அவள் சிரித்த சிரிப்பில் அகப்பை கைதவறி விழுந்தது.

"சிரிக்காத."

"சிரிக்காம? வாங்க, திரும்ப."

வியாழக்கிழமை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரை போய்விட்டேன். ஹெட்போன் இல்லாவிட்டால் என் மெட்டு எதுவென்றே எனக்குத் தெரிந்திருக்காது. அந்த நன்றி இருக்கிறது. ஆனால் அது என்னை ஆளில்லாத இடத்தில் பாடத்தான் பழக்கியிருந்தது. ஸ்பீக்கரில் பாட்டுக்கு நடுவே மனைவியும் இருந்தாள், குக்கரும் இருந்தது.

சனிக்கிழமை, இரண்டாம் சரணத்தில் அரை வரி அளவு பெண்களோடு மேலே போய்விட்டேன். பிறகு எப்படியோ வழியைக் கண்டு கீழே இறங்கினேன். தாளம் காட்டிக்கொண்டிருந்த மிஸ்ஸின் கை நிற்கவில்லை. முடிந்ததும் என்னைத்தான் பார்த்தார்.

"அங்கிள், நடுவில எங்க போனீங்க?"

"போயிட்டு வந்திட்டன் மிஸ்."

"வந்தாச் சரி. வெள்ளை சேர்ட் இருக்குத்தானே? எல்லாரும் அதுதான் போடுறம்."

இருக்கிறது என்றேன். வீட்டுக்கு நடக்கும்போதே யோசனை பிடித்துக்கொண்டது. போன வருடமே அந்தச் சேர்ட்டின் கழுத்துப் பொத்தானைப் பூட்டப் பெரும்பாடு பட்டேன். இந்த வருடம் அதைப் பூட்டிக்கொண்டு பாட மூச்சு வருமா?