மஸ்தூராவின் விரல்களுக்கு நாற்பது நாள்

மஸ்தூராவின் விரல்களில் ரேகை இல்லை என்று முதலில் கண்டுபிடித்தது தாஷ்கண்டில் ஒரு விசா அலுவலகத்து இயந்திரம். பதினோரு வருடமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் எனக்கு அது தெரியாது. பார்த்திருப்பேன், கவனித்திருக்க மாட்டேன். யார் யாருடைய விரலை உற்றுப் பார்க்கிறோம்?

கோக்கந்து சந்தையில் கேரட் வரிசை எங்களுடையது. பலா என்கிற எங்கள் ஊர் இறைச்சிச் சோற்றுக்கு வேண்டிய கேரட்டை நீளவாக்கில் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கிப் பையில் கட்டி விற்கிறேன். என்னோடு சேர்த்து ஏழு பெண்கள். துருவியில் தேய்த்தால் கேரட் சட்டியில் குழைந்து கூழாகிவிடும், வாங்கினவர்கள் திரும்பி வந்து சண்டை போடுவார்கள். அதனால் கைதான், கத்திதான். வரிசைக் கடைசியில் மஸ்தூரா. ஒரு பலகை, ஒரு கிண்ணம் தண்ணீர், வைரப்பொடி பதித்த மூன்று தகடுகள். ஒன்று முரடு, ஒன்று நடுத்தரம், ஒன்று தொட்டால் வழவழவென்று இருக்கும், ஆனால் அதுதான் பொல்லாதது. எங்கள் ஏழு கத்திகள் போகக் கசாப்புக்காரர்கள், கல்யாணச் சமையல்காரர்கள், தையற்காரர்கள் எல்லோருக்கும் அவள்தான் சாணை பிடித்தாள்.

அவள் புருஷன் வேலைக்கென்று ருஷ்யாவுக்குப் போய் அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவனைப் பற்றி அவள் பேச மாட்டாள், நான் பேசுவேன். அவன் விட்டுப்போன சாணைக்கல்லில்தான் அவள் தொழிலைத் தொடங்கினாள். அந்தக் கல் வருடா வருடம் நடுவில் குழிந்துபோயிற்று. பிறகு வைரத் தகடு வாங்கினாள். அது குழியவே குழியாது. அதற்குப் பதிலாகத் தேய்ந்தது அவள்தான் என்று இப்போது தெரிகிறது. அலகை அழுத்திப் பிடிக்கும் விரல் நுனி ஒவ்வொரு இழுப்பிலும் தகட்டை உரசும். இரும்பைத் தின்கிற வைரம் தோலைப் பார்த்து இரக்கப்படுமா?

அவளுக்கு ஒரே மகள், முனிரா. கல்யாணமாகிப் போலந்துக்குப் போய் ஏழு வருடம். அவளுடைய குடியிருப்புத் தாள்கள் அங்கே ஏதோ அலுவலக மேசையில் கிடக்கின்றன, அவை கைக்கு வருமுன் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். பல வருடம் கழித்து இப்போதுதான் வயிற்றில் பிள்ளை தங்கியது. பிரசவத்துக்கும், அதற்குப் பிந்தைய சில்லாவுக்கும் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தொலைபேசியில் அழுதாள். எங்கள் ஊரில் சில்லா என்றால் நாற்பது நாள். பெற்றவளும் பிள்ளையும் வாசலைத் தாண்டக் கூடாது, அவள் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்கக் கூடாது, எல்லாம் அம்மா பார்த்துக்கொள்வாள். அந்த நாற்பது நாளுக்காகத்தான் மஸ்தூரா விசாவுக்குப் போனாள்.

போன அன்றே திரும்பி வந்தாள். கையைப் பலகைமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, குடுத்துட்டாங்களா?"

"ரேகை இல்லையாம்."

"எந்த ரேகை?"

"விரல்ல. பத்து விரலையும் கண்ணாடியில வெச்சேன். ஒண்ணுமே விழல. அந்தப் பொண்ணு கண்ணாடியைத் தொடைச்சுத் தொடைச்சுப் பாத்தா. பாஸ்போர்ட் எடுக்கறப்ப இருந்துது, சோலிஹா. எட்டு வருஷத்துல எங்க போச்சு?"

கையை எடுத்துப் பார்த்தேன். வேகவைத்து உரித்த முட்டை மாதிரி இருந்தது ஒவ்வொரு நுனியும். எனக்குக் கோபம்தான் வந்தது.

"கொலை பண்ணிட்டு ஓடினாக்கூட உன்னை எவனும் பிடிக்க முடியாது. இனி என்னவாம்?"

"கல்லைத் தொடாம இருந்தா திரும்ப மொளைக்குமாம். ஒரு மாசம், ஒண்ணரை மாசம். நாப்பதாம் நாளுக்குத் தேதி குடுத்திருக்கா."

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. முனிராவுக்கு முன்கூட்டியே வலி கண்டு பெண் குழந்தை பிறந்துவிட்டது. அங்கே மகளுக்குச் சில்லா தொடங்கியது, இங்கே அம்மாவின் விரல்களுக்கு. கசாப்புக்கார ஹம்ராகுல் சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்தான்: "மஸ்தூராக்காவோட கை பிள்ளை பெத்திருக்கு, நாப்பது நாள் யாரும் போய்ப் பாக்கக் கூடாது!" சிரித்த வாயோடே தினமும் ஒரு துண்டு வால்கொழுப்பைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான், விரலில் தடவ. ஆட்டுக்கொழுப்பைப் பூசிக் கம்பளிக் கையுறையில் கையைப் போட்டுக்கொண்டு அவள் தன் இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வீட்டில் இருந்தால் பாத்திரம் கழுவிவிடுவாளாம். சந்தைப் பூனைகள் அத்தனையும் அவள் காலடியில்தான் கிடந்தன.

முதல் வாரம் அவள் தூங்கினாள். உட்கார்ந்தபடியே, வாய் லேசாகத் திறந்து, பகல் முழுக்க. தேநீரை ஊற்றி வைத்தால் ஆறிப்போகும். இந்தப் பதினோரு வருடத்தில் அவள் கை ஓய்ந்து நான் பார்த்ததில்லை, எனக்கு முன்னால் பார்த்தவர்களும் கிடையாது. கை நின்றதும் உடம்பெல்லாம் நின்றுவிட்டது போல. ஒருநாள் கண் விழித்து, "இவ்வளவு களைப்பு எங்கடி இருந்துது இத்தனை நாள்?" என்று கேட்டாள். என்னுடையதும் எங்கோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கேரட்டை நறுக்கினேன்.

விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு சாணை பிடித்தால் என்ன என்று யார்தான் கேட்கவில்லை? எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள். "துணி சுத்தினா பிசிறு தெரியாது." வைரத் தகட்டில் தேய்த்த அலகின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத இரும்புப் பிசிறு ஒன்று மறுபக்கமாகச் சுருண்டு நிற்கும். அதைப் பெருவிரலால் தடவிக் கண்டுபிடித்து நைசுத் தகட்டில் எடுக்காவிட்டால் கத்தி முதல் பத்து கேரட்டுக்குப் பறக்கும், பதினோராவதில் மொக்கையாகிவிடும். ரேகை இல்லாத விரலுக்குப் பிசிறு மட்டும் எப்படித் தெரிந்ததோ, அது அவளுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்.

சந்தை வாசலில் மின்சாரச் சாணைச் சக்கரம் வைத்திருக்கும் ஆள் ஒருவன் உண்டு. பொறுக்க முடியாமல் பதினைந்தாம் நாள் அவனிடம் போனேன். பொறி பறக்கத் தேய்த்து, அலகு நீலம் பாரிக்கச் சுட்டுக் கொடுத்தான். அது வெண்ணெய் தடவத்தான் ஆகும். அதன் பிறகு அந்தக் கத்தியோடே மல்லுக்கட்டினேன். அழுத்தி அழுத்தித் தோள் விட்டுப்போயிற்று. மஸ்தூரா என் கத்தியைப் பார்ப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும் வாயை அடக்கினேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அடக்கவில்லை.

"அக்கா, இது கேரட்டை வெட்டல, கெஞ்சிக் கேக்குது."

"இன்னும் கொஞ்ச நாள், சோலிஹா."

"உனக்கென்ன, மகாராணி. கையுறை போட்டு உக்காந்திருக்க."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கையுறைக்குள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

இருபத்தொன்பதாம் நாள், மத்தியானம். தடித்த மஞ்சள் கேரட் ஒன்றில் கத்தி ஏறாமல் வழுக்கி என் இடது பெருவிரலில் இறங்கியது. கூரான கத்தி கீறும், மொக்கைக் கத்தி பிய்க்கும். நறுக்கி வைத்த கேரட்டெல்லாம் சிவந்துபோனது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது என்று பக்கத்திலிருந்தவள் பிறகு சொன்னாள், நான் பார்க்கவில்லை. மருத்துவமனையில் ஐந்து தையல் போட்டுக் கட்டுக் கட்டி அனுப்பினார்கள்.

திரும்பி வந்தபோது மஸ்தூரா கையுறையைக் கழற்றியிருந்தாள். பலகைமேல் மூன்று தகடுகளும் நனைந்திருந்தன. முன்னால் ஏழு கத்திகள்.

"எடு கையை! பைத்தியமா உனக்கு? இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு! எடுக்கா கையை!" என்று வரிசையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவள் நிமிரவில்லை. "உன் கத்தி முடிஞ்சுது. இன்னும் நாலு இருக்கு."

"மகளைப் பாக்க வேணாமா நீ?"

"பாக்கணும். அதுக்காக ஏழு பேர் விரலைக் குடுக்கச் சொல்றியா?" தகட்டில் தண்ணீர் தெளித்தாள். "பாரு, மத்த ஒம்பதையும் தூக்கிக்கிட்டுதான் புடிக்கறேன். இந்த ஒண்ணுதான் தொடுது. ஒண்ணு போனா போகட்டும்."

உண்மைதான். ஒன்பது விரல் நுனியும் தகட்டில் படாமல் விறைப்பாக உயர்த்திக்கொண்டு, வலது பெருவிரல் ஒன்றால் மட்டும் அலகை அழுத்தி இழுத்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்து, ஏழாவது கத்தி முடியும்வரை அவளைத் திட்டினேன். திட்டும்போதே அழுதேன், அது தையல் வலியால் இல்லை.

நாற்பதாம் நாள் தாஷ்கண்டுக்கு நானும் கூடப் போனேன். சண்டை போட ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். மலைக் கணவாய் தாண்டும்போது காரில் எல்லோரும் தூங்கினார்கள். அவள் மட்டும் சன்னல் வெளிச்சத்தில் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோடுகள் வந்திருந்தன. மெல்லிசாக, புதிதாக உழுத வயல் மாதிரி. வலது பெருவிரலில் மட்டும் வெறும் மழமழப்பு.

விசா அலுவலகத்தில் இருந்தது அதே பெண். சின்ன வயசு, நகத்தில் ரோஜா நிறச் சாயம். ஒவ்வொரு விரலாகக் கண்ணாடியில் வைக்கச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் பச்சை விளக்கு. எனக்குக் கை தட்டத் தோன்றியது. கடைசியாக வலது பெருவிரல். சிவப்பு. துடைத்து மறுபடி. சிவப்பு. ஐந்து முறை.

"அம்மா, இன்னும் ஒரு மாசம் கழிச்சு..."

"அங்க எம்பொண்ணுக்குச் சில்லா முடியப்போவுதும்மா," என்றாள் மஸ்தூரா. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெம்பு இல்லை.

அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள். "நான் என்னம்மா பண்றது? இருக்கற விரல் பதியலைன்னா மெஷின் மேல போக விடாது. விரலே இல்லைன்னா, இல்லை காயம் பட்டுக் கட்டுப் போட்டிருந்தா, அதுக்குத் தனியாக் கட்டம் இருக்கு. இது நல்லா இருக்கற விரலாச்சே."

மஸ்தூரா தன் பெருவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கத்தி இருக்கா இங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாள். பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கும்தான், ஏனென்றால் அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அவள் கையைப் பிடித்து வெளியே நடைவழிக்கு இழுத்துப் போனேன். சுவரோரம் நிறுத்தி, என் பெருவிரல் கட்டைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். மேல்சுற்று கேரட் சாற்றில் மஞ்சளாகியிருந்தது, உள்சுற்றில் காய்ந்த ரத்தம்.

"என்னடி பண்ற?"

"பேசாம இரு. வாழ்க்கையில மொதல் தடவையா நானே ஒருத்தியப் பேசாம இருன்னு சொல்றேன்னா யோசிச்சுப் பாரு."

என் கட்டை அவள் பெருவிரலில் இறுக்கச் சுற்றி முடிச்சுப் போட்டேன். உள்ளே போனோம். அந்தப் பெண் கட்டைப் பார்த்தாள். பிறகு, மேசைமேல் நான் மறைக்க மறந்த என் இடது கையைப் பார்த்தாள். தையல் பிரித்த வடு சிவப்பாகத் தெரிந்தது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்படிப் பட்டுது காயம்?" என்றாள் கடைசியில்.

"மொக்கைக் கத்தி," என்றேன் நான். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

அவள் திரையில் எதையோ தட்டினாள். "வலது பெருவிரல், காயம். போகலாம், அம்மா. அங்க போய் எறங்கி, எல்லை தாண்டற வரைக்கும் கட்டை அவிழ்க்காதீங்க."

விசா கைக்கு வர மேலும் பதினெட்டு நாள் ஆயிற்று. முனிராவின் சில்லா எப்போதோ முடிந்துவிட்டது. புருஷன் வேலைக்குப் போய்விட, நாற்பது நாளும் அவள் தனியாகவே சமைத்து, துணி துவைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்து வாங்கப் போனாளாம். அதைக் கேட்ட அன்று மஸ்தூரா தேநீர் குடிக்கவில்லை. பெட்டி கட்டும்போது நைசுத் தகட்டைக் காலுறைக்குள் வைத்து அடியில் செருகினாள். நான் எடுத்து வெளியே எறிந்தேன், அவள் எடுத்துத் திரும்பச் செருகினாள்.

"அவ வீட்டுக் கத்தி எந்த லட்சணத்துல இருக்கோ," என்றாள்.

போய்ச் சேர்ந்து நான்காம் நாள் கூப்பிட்டாள். குரலில் தூக்கம் இருந்தது. விமான நிலையத்தில் முனிரா முதலில் பார்த்தது அம்மாவின் முகத்தை இல்லையாம், அந்த மஞ்சள் பிடித்த கட்டைத்தான். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே, "ஐயோ, அம்மா, கையில என்ன காயம்?" என்று அழுதுவிட்டாளாம்.

"நீ என்னக்கா சொன்ன?"

"என்ன சொல்றது? அது என் காயம் இல்லடி, சோலிஹாவோடதுன்னேன்."